அங்குலத்தில் நூறில் இரண்டு பங்கு: 1857இன் தோட்டாவும் அதன் அச்சும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்களுக்கு மற்றவை மறந்துபோனாலும் ஒன்று நினைவில் நிற்கும்: பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டா. அதைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள்; சிப்பாய்கள் மறுத்தார்கள். அங்கிருந்து கதை சமயம், சாதி, வதந்தி என்று விரிந்து செல்லும். அந்தத் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் கும்பினிச் சிப்பாய் கொழுப்பில்லாத காகிதத் தோட்டாவைக் கடித்து, மருந்தைக் கொட்டி, கெட்டித்துச் சுட்டுவந்தான். கடிப்பது புதிதன்று, கொழுப்புத்தான் புதிது. அது ஏன் வந்தது என்பதற்கான விடை ஈயக் குண்டின் விட்டத்தில் இருக்கிறது. விட்டத்தைத் தீர்மானிப்பது குண்டை உருவாக்கும் அச்சு.

பழைய துப்பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும். பிரவுன் பெஸ் என்று சிப்பாய்களின் வெள்ளைக்கார அதிகாரிகள் செல்லமாக அழைத்த அந்த மஸ்கெட்டின் ஒரு வகை, கிழக்கிந்தியக் கும்பினிக்கென்றே எளிமைப்படுத்திச் செய்யப்பட்டது. பிரெஞ்சுப் போர்களின் நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசே அதைக் கும்பினியிடமிருந்து வாங்கித் தன் படைக்கும் கொடுத்தது. ‘இந்திய மாதிரி’ என்றே அதற்குப் பெயர். அதன் குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம். அதில் போட்ட உருண்டைக் குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். இரண்டுக்கும் நடுவே 0.06 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், வெற்றிடம். குண்டை வாயில் போட்டால் தானாகவே உருண்டு அடிக்குப் போய்விடும். பலமுறை சுட்டுக் குழலின் உட்சுவரில் கரி படிந்த பிறகும் போகும். இந்தத் தளர்ச்சிக்குக் கொடுத்த விலை குறி. வெடிவாயுவில் ஒரு பகுதி குண்டைச் சுற்றி வெளியேறிவிடும். குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கமாகப் பறக்கும். நூறு கஜத்துக்கு அப்பால் தனி மனிதனைக் குறிபார்ப்பது வீண்வேலை. படை வரிசையை நோக்கிப் படை வரிசை சுட்ட காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு அச்சு எப்படியிருந்தாலும் கவலையில்லை. அச்சுக்கு அச்சு குண்டு சற்றுப் பெருத்தாலும் சிறுத்தாலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி எல்லாப் பிழையையும் விழுங்கிவிடும். அக்காலத்தில் துப்பாக்கியின் அளவை அங்குலத்தில் சொல்லாமல் எண்ணிக்கையில் சொன்னதற்கும் இதுவே காரணம். ஒரு ராத்தல் ஈயத்தில் ஒரே அளவாக எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அந்த எண்ணே அளவு. ‘பன்னிரண்டு போர்’ என்றால் ராத்தலுக்குப் பன்னிரண்டு குண்டு. விட்டம் ஏறத்தாழ 0.73 அங்குலம். வேட்டைத் துப்பாக்கிகளில் இன்றும் இந்த எண்ணே வழங்குகிறது. எண் பெருகப் பெருகத் துளை சிறுப்பதைக் கண்டு குழம்புபவர்கள், அது வார்ப்பவனின் தராசிலிருந்து வந்த கணக்கு என்பதை அறிவதில்லை.

சொல்லாராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. குழலின் விட்டத்தைக் குறிக்கும் ‘காலிபர்’ என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்கு அரபியின் ‘காலிப்’ என்பதிலிருந்து சென்றது. ‘காலிப்’ என்றால் வார்ப்பச்சு. அதற்கும் முந்தைய கிரேக்க மூலம் செருப்புத் தைப்பவரின் மரக்காலைக் குறித்தது. உருதுவில் அதே ‘காலிப்’ இன்றும் அச்சு என்ற பொருளோடு, உயிரைத் தாங்கும் உடல் என்ற பொருளிலும் வழங்குகிறது. ஆகப் பெயரளவில் குழலின் விட்டம் என்பதே அச்சின் அளவுதான். தமிழில் துருக்கியிலிருந்து ‘துப்பாக்கி’யும், உருதுவிலிருந்து ‘தோட்டா’வும் வந்து சேர்ந்தன, அச்சுக்கு மட்டும் புறத்திலிருந்து சொல் தேவைப்படவில்லை. சிலை வார்ப்பவரும் வெல்லம் வார்ப்பவரும் புழங்கிய அதே ‘அச்சு’ ஈயத்துக்கும் போதுமாக இருந்தது.

அந்த அச்சு எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது தகும். கீலில் திறந்து மூடும் குறடு போன்ற இரண்டு பாதிகள். பித்தளை, வெண்கலம் அல்லது இரும்பு. எளிய வகையில் மாக்கல். ஒவ்வொரு பாதியிலும் அரைக்குண்டின் குழிவு. அந்தக் குழிவைக் குடையக் குண்டின் உருவத்திலேயே கடைந்து, மேலெல்லாம் வெட்டுவாய் செதுக்கிய எஃகுக் கருவி ஒன்று வேண்டும். பழ உருவில் இருப்பதால் ஐரோப்பியப் பட்டறைகளில் அதற்குச் ‘செர்ரி’ என்று பெயர். இரு பாதிகளுக்கும் இடையே அதை வைத்து இறுக்கிச் சுழற்றினால் குழிவு விழும். இங்கேதான் முதல் பிழை நுழைகிறது. செர்ரி மழுங்கும். மழுங்கினால் தீட்ட வேண்டும். தீட்டத் தீட்ட மெலியும். ஆகவே ஒரே செர்ரியால் குடைந்த முதல் அச்சும் ஐம்பதாவது அச்சும் ஒரே அளவாக இரா. இரண்டு பாதிகளும் பொருந்தும் இடத்தில் மயிரிழை விலகல் இருந்தால் குண்டின் நடுவே ஒரு படி விழும். மூடும் முகம் சமமாக இல்லையென்றால் ஈயம் அந்த இடுக்கில் புகுந்து மெல்லிய இதழாக நீட்டிக்கொண்டிருக்கும்.

புதிய அச்சில் வேறு தொல்லைகளும் உண்டு. கடைசலின்போது தடவிய எண்ணெய் உலோகத்தின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான ஈயம் பட்டதும் ஆவியாகி, குண்டின் மேற்பரப்பைச் சுருக்கமும் மடிப்புமாக ஆக்கிவிடும். அச்சு குளிர்ந்திருந்தாலும் இதே கோலம்தான். காற்று வெளியேறத் தடமில்லையென்றால் குண்டின் மூலைகள் நிரம்பாமல் மொழுக்கென்று நிற்கும். ஈயம் 327 பாகையில் உருகும், உறையும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுசெய்ய வாய்ப்பகுதியிலிருந்து உருகிய ஈயம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் முந்தி உறைந்துவிட்டால் உள்ளே ஒரு குமிழி நின்றுவிடும். வெளியே வழவழப்பாக இருக்கும் குண்டு, உள்ளே பொள்ளலாக, ஒரு பக்கம் கனத்து ஒரு பக்கம் இலேசாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் வார்ப்பவர்கள் மருந்து கண்டுவைத்திருந்தார்கள். எண்ணெய் போக அச்சைக் கொதிநீரில் இட்டுத் துடைப்பார்கள். குழிவில் மெழுகுவத்திப் புகையைக் காட்டிக் கரிபூசுவார்கள். ஈயம் ஒட்டாமல் கழன்று விழும். முதலில் வார்த்த பத்துப் பதினைந்து குண்டுகளை எண்ணாமல் மூசைக்கே திருப்பிப் போடுவார்கள். அதற்குள் அச்சு வேண்டிய சூட்டுக்கு வந்துவிடும். காற்றுத் தடத்தை மூடும் முகத்தில் நுண்ணிய கீறல்களாக அரத்தால் இழுப்பார்கள். அச்சின் அளவே சிறுத்திருந்தால், அதில் வார்த்த குண்டிலேயே ஒரு கம்பியைச் செருகி, எண்ணெயில் குழைத்த குருந்தத் தூளைப் பூசி, அச்சுக்குள் வைத்துச் சுழற்றுவார்கள். குருந்தம் குழிவைச் சிறிது சிறிதாகத் தின்று பெரிதாக்கும். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ தமிழின் குருந்தத்திலிருந்து போன சொல் என்பதும், சேலம் பகுதி அந்தக் கல்லுக்குப் பேர்போனது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கவை. பெருத்துப்போன அச்சுக்கு மட்டும் மருந்து இல்லை. மூடும் முகத்தை அராவிச் சிறுக்கப் பார்த்தால் குண்டு வட்டத்தை இழந்து முட்டை வடிவமாகிவிடும். சிறுத்ததைப் பெருக்கலாம், பெருத்ததைச் சிறுக்க இயலாது. ஆகையால் நல்ல அச்சுக்காரர் எப்போதும் ஒரு மயிரிழை குறைவாகவே குடைவார். சிற்பியின் உளிக்கும் இதே விதி, எதிர்த்திசையில்.

இவ்வளவு நுட்பமும் கைத்தொழிலாக இருந்தவரை அரசுகளைத் தொடவில்லை. புரிகுழல் துப்பாக்கி படைவீரர் அனைவருக்கும் என்று ஆனபோதுதான் அச்சின் பிழை ஓர் அரசியல் செய்தியாயிற்று.

குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் காடிகள் குண்டைச் சுழலவைக்கும். சுழலும் குண்டு நேராகப் பறக்கும். ஆனால் காடி குண்டைப் பிடிக்க வேண்டுமானால் குண்டு குழலை இறுக்கி நிரப்ப வேண்டும். இறுகிய குண்டை வாய்வழியே அடிவரை இறக்குவதோ பெரும்பாடு. வேட்டைக்காரனுக்கு நேரம் உண்டு. சுத்தியலால் தட்டிக்கூட இறக்குவான். போர்க்களத்தில் அது ஆகாது. உள்ளே போகும்போது சிறியதாகவும் வெளியே வரும்போது பெரியதாகவும் இருக்கும் குண்டு எது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் படைக்கலக்காரர்களை வருத்திய விடுகதை.

அதற்கான முதல் விடைகளுள் ஒன்று தென்னிந்தியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. 1823இல் பிரிட்டிஷ் 34ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன், அடிப்பக்கம் குழிந்த நீள்குண்டு ஒன்றை வடிவமைத்தார். தென்னாட்டில் பணியிலிருந்தபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்புகளை அவர் பார்த்திருந்தார். அம்பின் அடியில் மென்மையான தண்டுச்சோறு கட்டப்பட்டிருந்தது, ஊதிய காற்று பட்டதும் அது விரிந்து குழலை அடைத்துக்கொண்டது, காற்று வீணாகவில்லை. காற்றுக்குப் பதில் வெடிவாயு, சோற்றுக்குப் பதில் ஈயம் என்பது நார்ட்டன் செய்த மாற்றம். மேலிடம் ஏற்கவில்லை, குண்டு என்றால் உருண்டை என்பது அவர்கள் கண்ட இலக்கணம். 1835இல் வில்லியம் கிரீனர் கொண்டுவந்த விரியும் குண்டுக்கும் அதே கதி. பிறகு பிரான்சில் மின்யே என்ற அதிகாரி 1849இல் அதே கொள்கையைக் குழிவில் ஓர் இரும்புக் கிண்ணியோடு செய்து காட்ட, பிரிட்டிஷ் அரசு அவருக்கு 20,000 பவுன் கொடுத்தது. ஊதுகுழல் அம்பு செய்தவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அடி குழிந்த குண்டுக்கு அச்சு மும்மடங்கு கடினம். இரண்டு பாதிகளோடு, குழிவை உண்டாக்கும் மூன்றாம் உறுப்பாக ஒரு முளையும் வேண்டும். அந்த முளை அச்சின் நட்டநடுவில் நிற்க வேண்டும். சற்றே சாய்ந்திருந்தால் குண்டின் பாவாடை போன்ற அடிச்சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் அமையும். வெடிவாயு மெலிந்த பக்கத்தை முதலில் விரிக்கும். குண்டு கோணலாகவே குழலை விட்டு வெளியேறும். முளை குளிர்ந்திருந்தால் குழிவுக்குள் சுருக்கம். ஈயத்தில் வெள்ளீயமோ அஞ்சனக்கல்லோ கலந்திருந்தால் குண்டு கடினப்பட்டு விரிய மறுக்கும். அன்றியும் கலவை ஈயம் தூய ஈயத்தைவிடக் குறைவாகச் சுருங்குவதால், அதே அச்சில் வார்த்த குண்டு சற்றுப் பெருத்து வரும். விரிய வேண்டியது விரியாது, நுழைய வேண்டியது நுழையாது.

வார்ப்பின் இந்தத் தொல்லைகளைக் கண்டு சலித்த உல்விச் படைக்கலச் சாலை, வார்ப்பதையே விட்டுவிட்டது. ஜான் ஆண்டர்சன் என்ற பொறியாளரின் மேற்பார்வையில், ஈயத்தை நீர்விசை அழுத்தியால் கயிறுபோலப் பிதுக்கி, துண்டுகளாக நறுக்கி, எஃகு அச்சுக்களில் குளிர்ந்த நிலையிலேயே அழுத்திக் குண்டாக்கும் எந்திரங்கள் அமைந்தன. பொள்ளல் போயிற்று, சுருக்கம் போயிற்று, எடை சீரானது. பிழை மட்டும் முற்றாகப் போகவில்லை, இடம் மாறியது. எஃகு அச்சும் தேயும். இலட்சக்கணக்கில் குண்டுகளை அழுத்தும்போது அச்சு சிறிது சிறிதாக அகலும். அதன் உள்முளை சிறிது சிறிதாக மெலியும்.

இந்நிலையில்தான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் வருகிறது. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். அதற்குப் பிரிட்செட் என்பவர் பெயரில் ஏற்கப்பட்ட குண்டின் விட்டம் 0.568. எடை 530 கிரெயின், ஏறத்தாழ 34 கிராம். மின்யேயின் இரும்புக் கிண்ணி இதில் இல்லை. ஆழமில்லாத குழிவு மட்டுமே. கிண்ணியில்லாத குழிவு அதிகம் விரியாது. ஆகையால் தொடக்கத்திலேயே குண்டு குழலை ஏறத்தாழ நிரப்பிவிட வேண்டும். 0.577க்கும் 0.568க்கும் இடைவெளி 0.009 அங்குலம். மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை. பிரவுன் பெஸ்ஸின் ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே, இது எங்கே! அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் குண்டைச் சுற்றிய காகிதமும் அடங்க வேண்டும்.

அடங்க வேண்டுமென்றால் வழுக்க வேண்டும். வழுக்குவதற்கு மெழுகு அல்லது கொழுப்பு. கொழுப்பு வந்த வழி இதுவே.

கவனமாகச் செய்த மாதிரிக் குண்டுகள் அழகாகப் பறந்தன. எந்திரத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்தவை அப்படி இல்லை. அளவில் இம்மி பிசகினால் ஒன்று விரியவில்லை, அல்லது இறங்கவில்லை. இம்மியைக் காக்கும் அளவுக்கு அச்சுக்கள் நெடுநாள் நிற்கவில்லை. 1855இல் குழிவுக்குள் ஒரு மரத்தக்கை வைக்கத் தீர்மானித்தார்கள். பாக்ஸ்வுட் என்னும் இறுகிய மரத்தில் கடைந்த சிறு முளை அது. வெடிவாயு தக்கையை உள்ளே தள்ள, தக்கை ஈயச் சுவரை வெளியே தள்ளும். இனி அச்சு சிறிது பிசகினாலும் விரிவு நிச்சயம். இவ்விடத்தில் ஒரு வாய்ப்பு கைநழுவிப் போனது. தக்கை இருந்தால் குண்டை இன்னும் சிறிதாக அழுத்தலாம். சிறிதாக இருந்தாலும் விரிந்து காடியைப் பிடிக்கும். ஆனால் 0.568 என்ற எண்ணை எவரும் தொடவில்லை. தக்கை புதிதாக வந்தது. விட்டம் பழையபடியே நின்றது. எந்திரங்கள் அந்த அளவுக்கு அமைந்துவிட்டன, அந்த அளவில் கிடங்குகள் நிரம்பிக்கொண்டிருந்தன, கிரிமியாவில் போர் நடந்துகொண்டிருந்தது.

இந்தியத் தட்பவெப்பத்தில் அந்தக் கொழுப்பு என்னவாகும் என்பதை அறியாமலே அனுப்பிவிட்டார்கள் என்பது சரியன்று. 1853இலேயே கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் சோதனைக்காக இந்தியா வந்தன. வெயிலிலும் ஈரத்திலும் கொழுப்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க, காவல் சிப்பாய்களின் பைகளிலேயே அவை மாதக்கணக்கில் சுமக்கப்பட்டன. அப்போது வங்காளப் படையின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்த கர்னல் டக்கர், சாதிக்கு இழுக்கு நேராத கொழுப்பு என்று உறுதியாகத் தெரிந்தாலன்றிச் சிப்பாய்களிடம் இவற்றைக் கொடுக்கலாகாது என்று 1853 டிசம்பரில் எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை கோப்பில் தங்கியது. பின்னர்க் கல்கத்தாவிலும் டம்டத்திலும் மீரட்டிலும் தோட்டா கட்டத் தொடங்கியபோது, கொழுப்பு வழங்கும் ஒப்பந்தத்தில் எந்த விலங்கின் கொழுப்பு என்பது குறிக்கப்படவே இல்லை. சிப்பாய்களின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று எழுதிக் கடந்துபோகிறவர்கள் இந்த ஒப்பந்தத்தை மறந்துவிடுகிறார்கள். பன்றியின் கொழுப்பு இல்லை என்று எந்த அதிகாரியாலும் மெய்யாகச் சத்தியம் செய்திருக்க முடியாது.

இதே ஆண்டுகளில் சிந்துப் பாலைவனத்தின் ஓரத்தில் இன்னொரு மனிதர் தம் சொந்தச் செலவில் குண்டுகளை வார்த்துக்கொண்டிருந்தார். ஜான் ஜேக்கப், இன்றைய பாகிஸ்தானின் ஜேக்கபாபாத் அவர் பெயரால் அமைந்த ஊர். நான்கு காடித் துப்பாக்கி, அக்காடிகளில் பொருந்தும் நான்கு புடைப்புகள் உள்ள குண்டு என்பது அவர் வழி. அதற்கான அச்சு எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புடைப்பு ஒன்று தடித்தாலும் குண்டு வாயிலேயே நின்றுவிடும். தன் திட்டத்தை அவர் மேலிடத்துக்கு அனுப்பியபோது, அரசின் படைக்கு இரண்டு காடித் துப்பாக்கி போதும் என்றால் கும்பினிப் படைக்கும் அது போதும் என்ற கருத்தில் விடை வந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். உலகின் மிக வெப்பமான ஊர்களில் ஒன்றில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்த அந்த மனிதரிடம் இந்திய வெயிலில் கொழுப்பு என்னவாகும் என்று கேட்டிருக்கலாம்.

1857 ஜனவரியில் டம்டத்தில் நடந்தது பலரும் அறிந்தது. பீரங்கிக்கு மேடாக எழுப்பிய மண்திட்டைக் குறிக்கும் ‘தம்தமா’ என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள படைக்கலச் சாலைத் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் சாதி காட்டி மறுத்தார். பசுக்கொழுப்பையும் பன்றிக்கொழுப்பையும் கடிக்கும்போது உம்முடைய சாதி எங்கே போகும் என்று அவர் திருப்பிக் கேட்டதாகக் கேப்டன் ரைட் மேலிடத்துக்கு அறிவித்தார். அரசு விரைந்தே அசைந்தது. சிப்பாய்கள் தாமே விரும்பிய பொருளைப் பூசிக்கொள்ளலாம் என்றது. கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையும் மாற்றியது. அதற்குள் ஐயம் கொழுப்பைத் தாண்டிக் காகிதத்துக்கே போயிருந்தது. பளபளக்கும் அந்தப் புதிய காகிதத்திலேயே கொழுப்பு இருக்கிறது என்று பாரக்பூரில் விசாரணையின்போது சிப்பாய்கள் சாட்சி சொன்னார்கள். இந்துஸ்தானியின் ‘கார்தூஸ்’ போர்ச்சுக்கீசியம் வழியே வந்த சொல். அதன் வேர் காகிதம். அவத் பறிக்கப்பட்டது, கடல் கடந்தும் பணிபுரிய வேண்டும் என்ற புதிய ஆள்சேர்ப்புச் சட்டம் என 1856 விட்டுச்சென்ற காயங்கள் எல்லாம் அந்தக் காகிதத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 90 குதிரைப்படை வீரரில் 85 பேர் வாங்க மறுத்த தோட்டா, என்ஃபீல்டுத் தோட்டாவே அன்று. அவர்கள் ஆண்டாண்டாகப் பயன்படுத்திய பழைய வகைதான். மே 10 அன்று மீரட் பற்றியெரிந்தது.

என்ஃபீல்டை உண்மையில் சுட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் படையினர். கோடையில் டெல்லி முற்றுகையிலும் அவத்தின் போர்களிலும் அதன் குறை அவர்களுக்குத் தெரியவந்தது. விலங்குக் கொழுப்பு நாற்பது பாகைச் சூட்டைத் தாண்டியதும் இளகும். சிப்பாயின் தோட்டாப் பையோ வெயிலில் அதைவிடச் சூடேறும். இளகிய கொழுப்பு குண்டை விட்டுக் காகிதத்தில் ஊறிப் பரவியது, குண்டு காய்ந்துபோயிற்று. கொழுப்பின் அமிலம் ஈயத்தை அரித்து மேலே வெண்படலம் கட்டவைக்கும், விட்டம் கூடும். உலர்ந்த காற்றில் கருமருந்தின் கரி குழலுக்குள் ஓடுபோல் இறுகும்; துளை குறையும். கால் மில்லிமீட்டர் இடைவெளியை இருபுறமிருந்தும் அரித்தால் மிஞ்சுவது என்ன? சில சுற்றுகளுக்குப் பிறகு குண்டு பாதி வழியில் நின்றது. கெட்டிக்கும் கம்பியைச் சுவரிலோ மரத்திலோ ஊன்றி உடல் பலத்தால் அழுத்தி இறக்க வேண்டியிருந்தது. எந்தத் தோட்டாவைத் தொட மாட்டோம் என்று சிப்பாய்கள் மடிந்தார்களோ, அந்தத் தோட்டா தொட்டவர்களுக்கும் சரிவரப் பயன்படவில்லை.

விந்தை என்னவென்றால், அந்தக் குண்டின் வடிவத்துக்கு மூளையாக இருந்தவர் அக்கோடையில் பீகாரில்தான் இருந்தார். பிரிட்செட் 1,000 பவுன் பரிசு பெற்ற குண்டுக்குப் பின்னால் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு என்ற இளம் பொறியாளரின் யோசனை இருந்தது. கிழக்கிந்திய ரயில்வேயில் வேலை கிடைத்து 1857இல் அவர் முங்கேருக்கு வந்தார், வந்ததும் கிளர்ச்சி. ஊரின் பாதுகாப்பை ஏற்பாடு செய்வதில் ஈடுபட்டு, உடல் நலிந்து, மறு ஆண்டு இங்கிலாந்து திரும்பினார். 1760களில் மீர் காசிம் படைக்கலச் சாலை அமைத்த ஊர் முங்கேர். அதன் துப்பாக்கிக் கொல்லர்களின் கைத்திறன் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்றது. அச்சின் இம்மிப் பிழையைப் பற்றி மெட்ஃபோர்டுக்குச் சொல்ல அவர்களிடமும் ஏதேனும் இருந்திருக்கும்.

கிளர்ச்சி அடங்கிய சிறிது காலத்திலேயே திருத்தம் வந்தது. குண்டின் விட்டம் 0.568இலிருந்து 0.55 அங்குலமாகக் குறைந்தது. எடை ஏறத்தாழ அப்படியே; தக்கை அப்படியே, பின்னாளில் மரத்துக்குப் பதில் சுட்ட களிமண். கொழுப்பு முற்றாக நீங்கி, தூய தேன்மெழுகு வந்தது. தேன்மெழுகு இளக அறுபது பாகைக்கு மேல் வேண்டும், ஈயத்தை அரிக்காது, எந்தச் சாதிக்கும் எந்தச் சமயத்துக்கும் விலக்கன்று. குறைந்தது 0.018 அங்குலம், நூறில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. குழலுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளி அதனால் மும்மடங்காயிற்று. எத்தனை முறை சுட்டாலும் விரல் அழுத்தத்துக்கே இறங்கும் அளவுக்குக் கெட்டிப்பது எளிதானது, குறியும் கெடவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. தக்கை 1855இலேயே வந்துவிட்டது. தேன்மெழுகு பழைய கொழுப்புக் கலவையிலேயே ஒரு பங்காக இருந்தது. அழுத்தும் அச்சுக்களை மாற்றிச் செய்ய வேண்டியது மட்டுமே மிச்சம்.

அந்தத் திருந்திய தோட்டா இந்தியச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. கிளர்ச்சிக்குப் பின் கும்பினி ஆட்சி போய் அரசியின் ஆட்சி வந்ததும், வெள்ளைப் படையின் துப்பாக்கியைவிட ஒரு படி தாழ்ந்ததே இந்தியப் படைக்கு என்பது எழுதப்பட்ட விதிபோல் ஆயிற்று. இந்தியப் பணிக்கென்று 1858, 1859 மாதிரிகள் செய்யப்பட்டன. வெளிப்பார்வைக்கு அவை என்ஃபீல்டு போலவே இருக்கும். அதே நீளம், அதே மூன்று பூண். ஆனால் குழலின் காடிகள் கடைந்து எடுக்கப்பட்டு, துளை 0.656 அங்குலத்துக்கு வழவழவென்று அகற்றப்பட்டிருந்தது. அதில் உருண்டைக் குண்டைத் தளர்வாகப் போட்டால் தானாகவே அடிக்கு உருண்டு போகும். கொழுப்பும் வேண்டாம், மெழுகும் வேண்டாம், அச்சில் இம்மித் துல்லியமும் வேண்டாம்.